காட்ஸில்லா எத்தனை முறை சாகும்? வேடத்துக்குள் இருந்தவர்களுக்கு விடைகொடுப்பது பற்றி

2017 ஆகஸ்ட்டில் காட்ஸில்லா நடிகர் காலமானார் என்று செய்தி வந்தது. 2023 டிசம்பரிலும் ஏறக்குறைய அதே செய்தி. இரண்டாவது செய்தி வந்த சமயத்தில் ஜப்பானியத் திரையரங்குகளில் புத்தம் புதிய காட்ஸில்லா படம் ஓடிக்கொண்டிருந்தது. அசுரப் படங்களைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். ஒரே அசுரனுக்கு எப்படி இரண்டு முறை இரங்கல்? புதுப் படத்தில் வருவது அப்புறம் யார்? முகமே தெரியாத ஒருவருக்காக ரசிகர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்?

2017இல் மறைந்தவர் ஹருவோ நகாஜிமா. 1954இல் வந்த முதல் படம் தொடங்கி 1972 வரை 12 படங்களில் காட்ஸில்லாவின் ரப்பர் உடலுக்குள் இருந்தவர். 2023இல் மறைந்தவர் கென்பச்சிரோ சட்சுமா. 1984 முதல் 1995 வரை ஏழு படங்களில் அதே வேடம் கட்டியவர். புதுப் படத்தில் வந்ததோ கணினியில் உருவான காட்ஸில்லா. ஆக, அசுரன் ஒருவன்தான், அவனுக்கு உடம்பு கொடுத்தவர்கள் பலர். மற்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

வேடம் கட்டுவது என்றால் என்ன

சீனப் புத்தாண்டு சமயத்தில் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே சிங்க நடனம் நடக்கும். ஒரு சிங்கத்துக்குள் இரண்டு பேர். தலைக்கு ஒருவர், வாலுக்கு ஒருவர். ஆட்டம் முடிந்து தலையைத் தூக்கினால் வேர்த்து விறுவிறுத்த ஒரு பையன் வெளியே வருவான். அதுவரை அது சிங்கம்தான். தமிழ்நாட்டுப் புலிவேஷத்தில் இன்னும் வெளிப்படை. உடம்பில் வரி வரைந்து ஆடுகிறவர் இன்னார் மகன் என்று தெருவுக்கே தெரியும். தெரிந்தும் குழந்தைகள் அலறும்.

சினிமா அசுரன் ஓர் இடத்தில் இவர்களிடமிருந்து பிரிகிறான். தலையைத் தூக்கிக் காட்டும் அந்தக் கடைசி நொடி திரையில் வருவதே இல்லை. இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளம்புவதுதான்.

வேடம் கட்டுவதில் நான்கு வகை உண்டு. செய்திகளில் இவற்றை ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள்.

1. முழு உடை. தலை முதல் வால் வரை மூடிய உடைக்குள் நடிப்பது. நகாஜிமாவும் சட்சுமாவும் செய்தது இது. கண்ணைக்கூட நாம் பார்க்க முடியாது. முதுகு, தோள், நடை இவை மட்டுமே நடிகரின் கையில்.

2. கனத்த ஒப்பனை. முகத்தின் மேல் ரப்பரும் பஞ்சும் பசையும் ஏற்றுவது. 1931இல் பிராங்கன்ஸ்டைனின் அசுரனாக வந்த போரிஸ் கார்லாஃப் இந்த வகை. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் அவர் முகத்தில் வேலை செய்தார். ஆனாலும் கண்கள் கார்லாஃபின் சொந்தக் கண்கள். ரத்தக்காட்டேரி டிராகுலாவாக வந்த கிறிஸ்டோபர் லீக்குச் சிவந்த கண்ணும் கோரைப்பல்லும் போதுமாக இருந்தன. 1966இல் வந்த ஒரு டிராகுலா படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. 196 சென்டிமீட்டர் உயரத்தை வைத்தே சமாளித்தார்.

3. அசைவுப் பதிவு. நடிகர் உடம்பில் குறிகள் ஒட்டிக்கொண்டு நடிப்பார். அந்த அசைவைக் கணினி எடுத்துக்கொண்டு வேறொரு உருவத்துக்குப் போர்த்தும்.

4. நேரடியாகப் பயமுறுத்துவது. செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 2011 முதல் நடக்கும் ஹாலோவீன் இரவுகளில் இருட்டு மூலையிலிருந்து பாய்கிறார்களே, அவர்கள். கேமரா இல்லை, இரண்டாவது டேக் கிடையாது, நம் ஊர்ப் புழுக்கம் வேறு.

குரல் என்பது தனிக் கணக்கு. காட்ஸில்லாவின் உறுமல் நகாஜிமாவின் தொண்டையிலிருந்து வந்ததல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை அது. பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியை உரசி எடுத்த ஒலி. ஆகவே "காட்ஸில்லா மறைந்தார்" என்று யாராவது எழுதினால், உடம்பா குரலா என்று கேட்பதில் தவறில்லை.

அந்த நடை ஏன் அவ்வளவு கனமாகத் தெரிகிறது

ரப்பர் உடைதானே, மாட்டிக்கொண்டு அட்டைக் கட்டடங்களை மிதித்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கலாம். இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது.

1954ஆம் ஆண்டுப் படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். வீவக கணக்கில் ஏறத்தாழ 17 மாடி. உடைக்குள் இருக்கும் மனிதரோ உடையையும் சேர்த்து இரண்டு மீட்டர். எனவே தோக்கியோ நகரத்தை 25இல் ஒரு பங்காகச் சிறிதாக்கிக் கட்டினார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 50 மீட்டரிலிருந்து விழும் கல் தரையைத் தொட 3 நொடிக்கு மேல் ஆகும். இரண்டு மீட்டரிலிருந்து விழுவது முக்கால் நொடிக்குள் விழுந்துவிடும். உயரம் 25 மடங்கு கூடினால் விழும் நேரம் ஐந்து மடங்கு கூடும், அதாவது உயரத்தின் வர்க்கமூலம். மாதிரிக் கட்டடம் சரிவதை அப்படியே படம் பிடித்தால் பொம்மை வீடு உடைவது போலத்தான் இருக்கும். கண்ணை ஏமாற்ற முடியாது.

இதற்குத் தீர்வு, கேமராவை வேகமாக ஓட்டுவது. வழக்கமாக நொடிக்கு 24 பிரேம். அதைப் பல மடங்கு கூட்டிப் பதிவு செய்து, திரையில் 24 வேகத்திலேயே காட்டினால் எல்லாம் மெதுவாகி, கனம் வந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கேமரா வேகமாக ஓடினால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். ஒளி குறைந்தால் விளக்கைக் கூட்ட வேண்டும். விளக்கு கூடினால் வெப்பம் கூடும். அந்த வெப்பம் முழுவதும் காற்றுப் புகாத ரப்பருக்குள் இருந்தவர் தலையில் விடிந்தது.

முதலில் செய்த உடையின் எடை 100 கிலோ என்று சொல்வார்கள். அதை மாட்டிக்கொண்டு சில மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. அதை வெட்டித் துண்டுக் காட்சிகளுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, எடை குறைந்த இன்னொன்றைச் செய்தார்கள். அதுவும் ஒன்றும் பஞ்சு மூட்டை அல்ல. நகாஜிமாவோடு கட்சுமி தெசுகா என்பவரும் முதல் படத்தில் உடைக்குள் இறங்கினார். பெரும்பகுதி வேலையை முடித்தவர் நகாஜிமாதான். தோக்கியோவின் உவெனோ விலங்குத் தோட்டத்துக்குப் போய் யானையும் கரடியும் எடையை எப்படி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுகின்றன என்று பார்த்துக்கொண்டு வந்தார். காட்ஸில்லா பாதத்தைத் தேய்ப்பது போல் ஊன்றி நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நடை அவர் யோசித்துச் செய்தது. உடையைத் தைத்தவரோ இயக்குநரோ அதைக் கொடுத்திருக்க முடியாது.

தண்ணீருக்கும் இதே கதைதான். 1954இல் அமெரிக்காவில் வந்த கருங்குளத்து அசுரன் படத்தில் நீருக்கடியில் நீந்தியவர் ரிக்கோ பிரவுனிங். முதுகில் காற்றுக் குடுவை கட்டினால் அசுரன் வேடம் கெட்டுவிடும். ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துவார், தேவைப்பட்டபோது கேமராவுக்கு வெளியே இருந்த குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்வார். கரைக்கு வந்தால் அதே அசுரனுக்குள் பென் சாப்மன் என்ற இன்னொருவர். பிரவுனிங் 2023 பிப்ரவரியில் 93 வயதில் காலமானார்.

பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி

1931ஆம் ஆண்டு பிராங்கன்ஸ்டைன் படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அசுரனின் பாத்திரத்துக்கு எதிரே நடிகர் பெயர் இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும். கார்லாஃபின் பெயர் படத்தின் இறுதியில்தான் வந்தது. மர்மத்துக்காகச் செய்த விளம்பர உத்தி அது. ஆனால் கருங்குளத்து அசுரன் படத்தில் பிரவுனிங், சாப்மன் இருவர் பெயருமே பட்டியலில் இல்லை. அங்கே மர்மம் போய் வழக்கம் வந்துவிட்டது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் அசுரன் பொய்யாகிவிடுவான் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் நியாயம். பெயர் இல்லாதவருக்குக் கூலியும் குறைவு என்பதை அவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை!

கார்லாஃப் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். நாள் முழுக்க ஒப்பனையோடு, முதுகு வலியோடு வேலை பார்த்தவர், 1933இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். திரையில் பேச்சு வராத அசுரன், வெளியே வேலை நேரத்துக்காகப் பேசினார்.

சிங்கப்பூர் வாசகர்களுக்காக ஒரு செய்தி. கார்லாஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். இந்திய ரத்தம் கலந்த ஆங்கிலேயக் குடும்பம். அவருடைய பாட்டியின் சகோதரி, சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து புகழ்பெற்ற அன்னா லியோனோவன்ஸ். அந்த அன்னா 1862இல் பேங்காக் போவதற்கு முன், கணவர் பினாங்கில் இறந்த பிறகு, சிங்கப்பூரில்தான் ஒரு சிறிய பள்ளி நடத்திப் பிழைத்தார். உலகத்தின் மிகப் பிரபலமான அசுரனின் குடும்பக் கதையில் நம் ஊரும் ஒரு பக்கம்.

சிங்கப்பூரிலேயே பிறந்த பேய்

அசுர நடிகர்கள் என்றதும் ஜப்பானும் ஹாலிவுட்டும் நினைவுக்கு வருவது நியாயம்தான். ஆனால் 1957 ஏப்ரல் 27 அன்று இங்கே கேத்தே திரையரங்கில் வெளியான பொந்தியானாக் என்ற மலாய்ப் படம் ஏறத்தாழ மூன்று மாதம் ஓடியது. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், முன்னதாகத் தமிழ்ப் படங்களையும் இயக்கியவர். அந்தக் காலத்தில் பலஸ்டியரின் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த கேத்தே-கெரிஸிலும் இந்திய இயக்குநர்கள் பலர் மலாய்ப் படம் எடுத்தார்கள். 1958இல் எண்ணெய் மனிதன் என்ற மலாய்க் கதைப் பேயை வைத்துப் படம் எடுத்த எல். கிருஷ்ணனும் அவர்களில் ஒருவர்.

பொந்தியானாக் நமக்கு அந்நியமான பேய் அல்ல. பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி அது. பிடரியில் ஆணி அடித்தால் அழகிய பெண்ணாக மாறிவிடும், ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பேய். கர்ப்பிணியாக இறந்தவர் நினைவாகத் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழிப்போக்கன் தன் சுமையை இறக்கியாவது ஆற்றட்டும் என்ற எண்ணம். பேயின் தலையில் ஆணி அடிக்கும் கதைகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. மோகினிக்கு மல்லிகை வாசம், பொந்தியானாக்குக்கு ஈழத்தலரி என்கிற ஃபிராங்கிபானி வாசம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மெனாடோ செய்த வேடத்தின் கடினம் வேறு மாதிரி. நகாஜிமாவின் முகம் கடைசி வரை தெரியாது. மெனாடோவின் முகம் தெரிந்தே ஆக வேண்டும். அக்காலத்து மலாய்த் திரையின் அழகிகளில் ஒருவர், அதே முகம் ஒப்பனையில் கோரமாகவும் மாற வேண்டும். பயம் பிறப்பது அந்த மாற்றத்தில்தான். அதே ஆண்டிலேயே இரண்டாம் படம் வந்தது, 1958இல் மூன்றாவது. போட்டி நிறுவனமான ஷாவும் தன் பங்குக்கு ஒரு பொந்தியானாக் படம் எடுத்தது. ஊரே பேய்ப் படமாக இருந்த காலம்.

சரி, இன்று அந்த முதல் படத்தைப் பார்க்கலாம் என்றால் முடியாது. முதல் இரண்டு படங்களின் பிரதிகள் தொலைந்துவிட்டன. கேத்தே-கெரிஸின் பங்குதாரர்களில் ஒருவரான ஹோ அ லோக் படச்சுருள்களை நீரில் எறிந்துவிட்டார் என்றொரு கதை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. மூன்றாவது படம் தப்பியது. எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91. அவை 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 2005இல் தொடங்கிய ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் இந்தத் தொகுப்பைப் பாதுகாக்கிறது. இங்கே ரசிகர்களுக்கு நேர்ந்தது வழக்கத்துக்கு நேர்மாறு. மற்ற இடங்களில் நடிகர் போய்ப் படம் நிற்கும். இங்கே நடிகை உயிரோடு இருந்தபோதே படம் போய்விட்டது.

முகம் தெரியாதவருக்கு ஏன் அழுகை

நம்பியார் மறைந்தபோது நாம் யாருக்காக வருந்தினோம் என்பதில் சந்தேகம் இல்லை. அந்த முகத்தை, அந்தக் கையைப் பிசையும் பாவனையை அரை நூற்றாண்டாக அறிந்திருந்தோம். வில்லனாகத் திட்டித் தீர்த்தாலும், சபரிமலைக்குப் போகும் குருசாமி என்று வெளியே அவரைத் தெரிந்திருந்தது. வேடமும் மனிதரும் ஒரே நேரத்தில் நமக்குள் இருந்தார்கள்.

முழு உடைக்குள் இருந்தவர் விஷயத்தில் வரிசை தலைகீழ். சின்ன வயதில் அசுரனைப் பார்த்துப் பயந்திருப்போம், பிறகு பிடித்துப் போயிருக்கும். பல ரசிகர்களுக்கு உள்ளே இருந்தவரின் பெயரும் முகமும் முதன்முதலில் தெரிய வருவது இரங்கல் செய்தியில்தான். அறிமுகமும் விடைபெறலும் ஒரே நாளில். நாற்பது வருடமாக வீட்டுக்கு வந்து போன விருந்தாளியின் பெயரை, காரியத்துக்குப் போய்த் தெரிந்துகொள்வது போல. இந்த அழுகையில் வருத்தத்தோடு கொஞ்சம் குற்ற உணர்வும் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

சிலருக்கு அந்த வாய்ப்பும் சரியாகக் கிடைக்கவில்லை. 1979இல் விண்கலத்தில் புகுந்த வேற்றுக்கிரக ஜந்துவாக நடித்த நைஜீரிய மாணவர் பொலாஜி படேஜோ, 39 வயதில் 1992இல் இறந்தார். அவர் நடித்த ஒரே படம் அதுதான். 1987இல் காட்டுக்குள் வேட்டையாடும் விண்வெளி அசுரனாக வந்த கெவின் பீட்டர் ஹால் 1991இல், 35 வயதில் மறைந்தார். ஆனால் அவருக்கு ஒரு சின்ன நியாயம் நடந்திருக்கிறது. அந்தப் படத்தின் முடிவில் வரும் ஹெலிகாப்டர் ஓட்டுநர் அவரேதான், முகமூடி இல்லாமல். சிங்கத்தின் தலையைத் தூக்கிக் காட்டும் அந்த நொடியை அவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

2024 நவம்பரில் மறைந்த டோனி டாட் வேறு வகை. 1992இல் வந்த கேண்டிமேன் என்ற பேய்ப் படத்தில் நிஜத் தேனீக்களை வாய்க்குள் வைத்து நடித்தவர். ஒவ்வொரு கொட்டுக்கும் 1,000 டாலர் என்று ஒப்பந்தம் பேசி, 23 கொட்டுக்குப் பணம் வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வேடத்தின் வலிக்குக் கணக்குப் போட்டு வாங்கிய நடிகர் என்ற முறையில் அவர்மேல் ரசிகர்களுக்குத் தனிப் பிரியம்.

இறந்த பிறகும் நடிக்க வைத்தால்?

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். டிராகுலாவைத் துரத்தும் வான் ஹெல்சிங்காகப் புகழ்பெற்ற பீட்டர் குஷிங் 1994இல் இறந்தார். 2016இல் வெளியான விண்வெளிப் போர்ப் படம் ஒன்றில் அவர் மறுபடி வந்தார். கய் ஹென்றி என்ற நடிகர் நடிக்க, அவர் மேல் குஷிங்கின் முகத்தைக் கணினியில் போர்த்தினார்கள். 2020இல் இறந்த இயன் ஹோமின் சாயல் 2024இல் ஒரு வேற்றுக்கிரகப் பயங்கரப் படத்தில் வந்தது, குடும்பத்தாரின் சம்மதத்தோடு. 2023இல் 118 நாள் நீடித்த ஹாலிவுட் நடிகர் வேலைநிறுத்தத்தின் முக்கியச் சண்டைகளில் ஒன்று இந்த எண்முறை நகல்கள் பற்றியது. 2024இல் கலிபோர்னியா மாநிலம் இறந்தவரின் எண்முறை உருவத்தைப் பயன்படுத்த உரிமையாளர்களின் அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டது.

இந்த விவாதம் முழுவதும் முகத்தையும் குரலையும் சுற்றியே நடக்கிறது. நகாஜிமாவிடம் எடுத்துக்கொள்ள முகமும் இல்லை, குரலும் இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு நடை. இன்றைய கணினிக் காட்ஸில்லாவிடமும் அந்தக் கனமான ஊன்றல் இருக்கிறது. பாத்திரம் தயாரிப்பு நிறுவனத்தின் சொத்து, நடை பாத்திரத்தோடு போய்விட்டது. நடைக்கு உரிமை கோரி யார் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? உடைக்குள் நடித்தவர்களின் கலைதான் மிக எளிதாகக் களவு போகக்கூடியது என்று இதனால்தான் சொல்கிறேன். களவு போனதாகக்கூட யாருக்கும் தோன்றாது.

அடுத்த செய்தி வரும்போது

அசுர நடிகர் ஒருவர் மறைந்தார் என்ற செய்தி அடுத்து வரும்போது மூன்று கேள்விகளை வைத்துப் படித்தால் குழப்பம் இருக்காது.

1. அந்த அசுரனின் எந்தப் பகுதியை அவர் செய்தார்? உடம்பா, முகமா, குரலா? தரையிலா, தண்ணீரிலா?

2. எந்த ஆண்டுப் படங்கள்? 1954இன் காட்ஸில்லாவும் 1984இன் காட்ஸில்லாவும் வேறு வேறு மனிதர்கள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நடையிலேயே தெரிந்துவிடும்.

3. அவர் நடித்த படம் இன்னும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில், பேய்களின் மாதத்தில், நடக்கும் கெத்தாய் என்ற பாட்டு மேடையின் முன்வரிசை நாற்காலிகளைப் பேய்களுக்காகக் காலியாக விடுகிற ஊர் இது. 1957இல் கேத்தேயில் மூன்று மாதம் கூட்டத்தை அலறவைத்த பேய்க்கு, இன்று உட்காரக் காலி நாற்காலி உண்டு. திரையில் ஓட்டத்தான் ஒரு சுருளும் இல்லை.